இரண்டாவது கிடார்

“இடது பக்க ஸ்பீக்கர் செத்துப்போச்சு மச்சான்!”

கிடார்காரர் உறுமிய உறுமலில் முன்வரிசைப் பெண் திரும்பி முறைத்தாள்.

“மெதுவா மாப்ளே. எனக்கு நல்லாத்தானே கேக்குது?”

“என்னத்த நல்லா கேக்குது? ரெண்டு கிடார் கேக்கணும். ஒண்ணுதான் கேக்குது. என்னோடது எங்க போச்சு?”

பத்தொன்பது வருடம் கழித்து ஒன்று சேர்ந்த ராக் குழு திரையில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. போன வருடம் ஒரு மைதானத்தில் நாற்பதாயிரம் பேர் முன்னால் நடந்த கச்சேரி, இப்போது படமாகத் தியேட்டருக்கு வந்திருக்கிறது. குழுவின் இரண்டாவது கிடார் நம்ம ஆள்தான். அங்கே தொப்பியும் தோல் கோட்டுமாக ஜோராக நின்ற மனிதர், இங்கே வழுக்கையும் மூக்குக்கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்ததால் ஒருத்தருக்கும் அடையாளம் தெரியவில்லை.

அது கூடப் போகட்டும். பக்கத்தில் இருப்பவர் மச்சான், மனைவியின் அண்ணன். தங்கையைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து, “கூட்டத்தோட கூட்டமா நீங்களும் கையை ஆட்டுவீங்க, அவ்வளவுதானே மாப்ளே?” என்று குத்திக்கொண்டே இருப்பவர். ஆறாவது பாட்டில் இரண்டு கிடாரும் மாறி மாறி மல்லுக்கு நிற்கும் இடம் ஒன்று வரும். அதைக் கேட்டால் அந்த வாய் ஜென்மத்துக்கும் அடைத்துப்போகும் என்றுதான் அவரை விடாப்பிடியாக இழுத்து வந்திருந்தார்.

இப்போது ஓடுவது நாலாவது பாட்டு.

“டென்ஷன் ஆகாதீங்க, இந்தாங்க” என்று மச்சான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து நீட்டினார். இப்போதெல்லாம் கம்பெனிக்காரர்கள் மூடியை வெல்டிங் வைத்து அடைக்கிறார்களோ என்னவோ, கிடார்காரரால் ஒரு பாட்டிலைக் கூடத் திறக்க முடிவதில்லை. இரண்டு வாய் குடித்துவிட்டு எழுந்து விறுவிறுவென்று வெளியே போனார்.

“காலையிலதான் சார் எல்லா ஸ்பீக்கரையும் செக் பண்ணோம்” என்றார் தியேட்டர் மேனேஜர்.

“அப்போ உங்க காதை செக் பண்ணுங்க!”

மேனேஜர் நல்ல மனிதர். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் உள்ளே வந்து, இடது சுவரோரம் ஒவ்வொரு ஸ்பீக்கருக்குக் கீழேயும் நின்று காட்டினார். “பாருங்க சார், எல்லாம் கல்லு மாதிரி இருக்கு.”

இருந்தது. கிடார்காரரே அண்ணாந்து நின்று கேட்டார். கைதட்டல் வந்தது, டிரம்ஸ் வந்தது, பாடகன் மூச்சு வாங்குவது கூட வந்தது. கிடார் மட்டும் ஒன்றே ஒன்றுதான்.

பல்லைக் கடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தால், ஆறாவது பாட்டு ஆரம்பித்துவிட்டது.

முதல் கிடார் துள்ளிக் குதித்து ஒரு கேள்வி கேட்டது. திரையில் இவர் கண்ணை மூடிக்கொண்டு, தந்திகள் மேல் கையை ஓட்டினார். பதிலைச் சொன்னது கீபோர்டு! மறுபடி ஒரு கேள்வி, மறுபடி அதே கீபோர்டு. அட, நாசமாய்ப் போக!

“உங்க கை அசையுது மாப்ளே” என்றார் மச்சான். கிண்டலாகச் சொல்லவில்லை, பாவம். அதுதான் இன்னும் எரிந்தது.

சட்டென்று அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாடகன் வேலை! அன்றைக்குக் குழு உடைந்ததே இவருக்கும் அவனுக்கும் நடந்த சண்டையால்தான். மேடையில் கட்டிப்பிடித்துக் கண்ணீர் விட்டுவிட்டு, படத்தில் கழுத்தை அறுத்துவிட்டான் படுபாவி!

திரும்பவும் வெளியே ஓடினார். போனில் ஒரு பெயரைத் தொடப் போனால், விரல் வேறொரு பெயரில் விழுந்தது. இரண்டு பேரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மூன்றாவது தடவைதான் குழுவின் சவுண்ட்காரர் கிடைத்தார்.

“யார்டா என் சத்தத்தைப் படத்துலேர்ந்து எடுக்கச் சொன்னது? அவன்தானே?”

“யாரும் எடுக்கலைண்ணே.”

“புளுகாத! என் கிடார் ஒரு பொட்டுக்கூட இல்லை. மச்சான் முன்னாடி மானம் போச்சுடா எனக்கு!”

“வீட்டுக்குப் போய்ட்டுக் கூப்பிடுங்கண்ணே. நிதானமா பேசலாம்.”

“இப்பவே சொல்லு! நான் வாசிச்சேனா இல்லையா?”

“வாசிச்சீங்கண்ணே.”

“மேடையில என் காதுல ஒரு இயர்போன் மாட்டிவிட்டியே, அதுல கணீர் கணீர்னு கேட்டேனே! ஒண்ணு ரெண்டு இடத்துல விரல் வழுக்கியிருக்கும், இல்லேங்கல. அதுக்காக மொத்தத்தையுமா எடுப்பான்? இந்தப் படத்துல இல்லேன்னா என்ன, நாற்பதாயிரம் பேர் நேர்ல கேட்டாங்கடா!”

உள்ளே பாட்டு முடிந்து கைதட்டல் கேட்டது.

“இதோ, இதே மாதிரிதானே அன்னிக்கு என் கிடாரைக் கேட்டுக் கைதட்டினாங்க!”

“அவங்க கேக்கலைண்ணே... உங்க கிடாரை உங்க காதுக்கு மட்டும்தான் அனுப்பினேன்.”