கோட்டுக்கு இந்தப் பக்கம்

பிலிப்பினோ மொழி வகுப்பின் விருந்தில் மேசை நீளத்துக்கு ஒரே வாழையிலை. இருபுறமும் நின்று எல்லோரும் அதிலேயே கையால் உண்ண வேண்டும். மகன் மணக்கப்போகும் பெண்ணின் தாயிடம் பேசுவதற்காகவே செண்பகவல்லி அந்த மொழி படித்தாள். அந்தத் தாய், லூர்தெஸ், இன்று எதிரே நின்றாள். செண்பகவல்லி தன் சோற்றைச் சுற்றி விரலால் கோடு இழுத்தாள்.

"அம்மா, இங்க எச்சில் பாக்காதீங்க," என்றான் மகன்.

"புத்திக்குத் தெரியுதுடா. கைதான் கேக்கமாட்டேங்குது."

லூர்தெஸ் தான் தின்றுகொண்டிருந்த மீனில் முள்ளெடுத்து, ஒரு துண்டைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்தாள். தின்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

செண்பகவல்லி அதை எடுத்து வாயில் போட்டாள். "மசராப்," என்றாள். ருசியாக இருக்கிறது என்பதற்கு வகுப்பில் படித்த சொல் அது. பிறகு தன் கத்தரிக்காயைப் பிட்டு நீட்டினாள். லூர்தெஸ் கையை நீட்டவில்லை, வாயைத் திறந்தாள்.