இரண்டு கிலோ பட்டாணி

வைஜயந்திக்கு வெட்கமே கிடையாது என்பதில் எங்கள் பெட்டியில் கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

மும்பையில் மாலை நேரக் கல்யாண் ரயில், பெண்கள் பெட்டி. இப்போது அங்கே எல்லாரும் கைப்பேசியைத் தேய்க்கிறார்கள். அந்தக் காலத்தில் தாதர் மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு ஏறுவோம். வீடு வருவதற்குள் ராத்திரிச் சமையலுக்கு ஆய்ந்து முடித்துவிடுவோம். அவரவர் காய் அவரவர் மடியில், எழுதாத சட்டம்.

வைஜயந்தி மட்டும் தன் பட்டாணியை அடுத்தவள் மடியில் கொட்டுவாள். அதுவும் கேதகியின் மடியில்.

கேதகி புதிதாகக் கல்யாணமானவள். யாரோடும் பேசமாட்டாள். இடம் காலியாக இருந்தாலும் உட்காராமல் திறந்த கதவோரமே நிற்பாள்.

"ஏ பொண்ணே, காத்து வாங்கினது போதும். இங்க வந்து இத உரி," என்று ஒருநாள் வைஜயந்தி அதட்டினாள்.

அவளும் வந்து உரித்தாள். மறுநாளும் உரித்தாள்.

"சம்பளமில்லாத வேலைக்காரி கிடைச்சுட்டா," என்றாள் குமுதினி, வைஜயந்தியின் காதில் விழும்படியே.

சில நாள் கழித்துக் கேதகி வாயைத் திறந்தாள். எங்களிடம் அல்ல, பட்டாணியிடம்.

"அவர் என்கிட்ட பேசி நாலு மாசமாச்சு. உப்பு வேணும்னாக்கூட, 'அம்மா, அவகிட்ட உப்பு கேளு'ம்பாரு. நான் எதிர்லயேதான் உக்காந்திருப்பேன். தூக்கமே வர்றதில்ல."

வைஜயந்தி நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அதுல புழு இருக்கு, பாத்து உரி," என்றாள். பிறகு மெதுவாக, "ம், சொல்லு."

பட்டாணிப் பருவம் போய் வெந்தயக்கீரை வந்தது. வியாழக்கிழமைதோறும் கேதகியை முலுண்டில் தன்னோடு இறக்கிப் பையையும் தூக்க வைத்தாள் வைஜயந்தி.

குமுதினிக்குப் பொறுக்கவில்லை. உனக்கு வாய் கிடையாதா என்று கேதகியைப் பிடித்துக்கொண்டாள். கேதகி சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான்.

முலுண்டில் மனசுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா ஒருத்தி இருக்கிறாளாம். இவள் உள்ளே பேசி முடிக்கும்வரை வைஜயந்தி மாவ்ஷி வெளி பெஞ்சில் கீரை ஆய்வாளாம்.

"நல்ல காரியம்தான்," என்று குமுதினி ஒத்துக்கொண்டாள். "அதுக்காக தினம் ரெண்டு கிலோ உரிக்க வைக்கணுமா?"

அந்தக் கோடையில் கேதகி நாசிக்கில் அக்கா வீட்டோடு போய்விட்டாள். அங்கே வேலை கிடைத்திருப்பதாகவும், ராத்திரியில் தூங்குவதாகவும் சொல்லியனுப்பினாள்.

மழைக்காலத்தில் வைஜயந்தி படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டாள். நானும் குமுதினியும் பார்க்கப் போனோம். ஒற்றை அறை. டீ போடுகிறேன் என்று எழுந்த குமுதினி, மூலைக்கு மூலை தேடிவிட்டுத் திரும்பினாள்.

"அடுப்பு எங்க, வைஜயந்தி?"

"அவர் போனப்புறம் ரெண்டு வேளையும் கீழ் வீட்லேர்ந்து சாப்பாட்டு டப்பாதான். ஒத்த ஆளுக்கு எதுக்கு அடுப்பு?"

"அப்ப அத்தனை பட்டாணி?"

"கீழ் வீட்டுக்காரிக்குக் கொடுத்துடுவேன்."

"பின்னே எதுக்கு வாங்கின?"

வைஜயந்தி கட்டுப்போட்ட காலைச் சற்று நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"கதவுகிட்ட கம்பியப் பிடிக்காம நிப்பாளே, அந்தப் பொண்ணு. அந்தக் கைக்கு ஏதாவது கொடுக்கணும்ல?"