வலிக்காத கை

ஜெனோவா சிறையில், கோழி திருடி உள்ளே வந்த ஒரேஸ்தேயின் உள்ளங்கையில் பேராசிரியர் கவலோத்தி ஊசியை ஆழமாக இறக்கினார். அவனிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை.

"பாத்தியா எட்டோரே? பொறவிக் குற்றவாளிக்கு வலியே தெரியாது. ரத்தத்துலயே ஊறினது. இவனத் திருத்த முடியாது, வெளிய விடக் கூடாதுன்னு எழுது."

உதவியாளன் எட்டோரே எழுதினான். எழுதும்போதே கைதியின் உதட்டில் பல் பதிந்து ரத்தம் கசிவதைக் கவனித்தான்.

"இப்ப ஒரு யோக்கியனக் குத்திப் பாப்போம்."

பேராசிரியர் சிறைக்காவலனின் விரலில் லேசாகத்தான் குத்தினார்.

"ஐயோ, அம்மா!"

"மனுஷன்னா இப்படி இருக்கணும்!" பேராசிரியர் பூரித்துப்போய்த் தன் குதிரை வண்டிக்கு நடந்தார்.

எட்டோரே முகத்தைச் சுளித்தபடி ஊசியைத் துடைத்தான். காவலன் விரலைச் சப்பிக்கொண்டே அருகில் வந்தான்.

"எல்லாரும் ஒழுங்கா நடந்துக்கிட்டானுங்களா, ஐயா? பெரியவர் முன்னாடி எவனாவது கத்துனா ஒரு வாரத்துக்கு ரொட்டி கிடையாதுன்னு நேத்தே சொல்லி வச்சேன்."

எட்டோரே தான் எழுதிய தாளை எடுத்துப் பார்த்தான்.

காவலன் ஒரேஸ்தேயின் முதுகில் தட்டினான். "அதுலயும் இவன் ரொம்ப நல்லவங்கய்யா. சொன்ன சொல்லத் தட்டவே மாட்டான்."