சீனத்து வெள்ளிப் பாளம்

செங்கல்பட்டு பஜாரில் ஏகாம்பரத்தின் வெள்ளிக் கடை. டியூப்லைட் துடிக்கிறது. வெளியே மறைமலைநகர் கம்பெனி பஸ் விடாமல் ஹாரன் அடிக்கிறது. மேஜைக் கண்ணாடிமேல், குட்டிப் படகு மாதிரி, கஸ்தூரிரங்கனின் சீன வெள்ளிப் பாளம். சக்கரவர்த்திகள் காலத்து அரசாங்கப் பணம் என்று, வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காபி ஆறிப்போகும்வரை வருஷக்கணக்காகப் பிரசங்கம் செய்திருக்கிறார். மகள் சாருலதா கல்யாணத்துக்கு அதை உருக்கிக் குத்துவிளக்காக்க வேண்டும். ஏகாம்பரம் சுவிட்சைத் தட்ட, துளைபோடும் மிஷின் உறுமுகிறது.

"இன்னா சார், போட்டுறட்டா? உள்ள ஈயம் கீதான்னு பாக்காம எட போட முடியாது."

"அரசாங்க முத்திரை இருக்கேப்பா!"

கஸ்தூரிரங்கன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறார், மாட்டுகிறார், மறுபடி கழற்றுகிறார். பாளம் மாமல்லபுரம் கடற்கரையில் யாரோ ஒருவனிடம் வாங்கியது. ஒருநாளும் உரசிப் பார்க்கத் துணிந்ததில்லை.

"அரசாங்கப் பணமானாலும் சீனாக்காரன் வெட்டிப் பார்த்துதான் வாங்குவான்னு நீங்கதானே சொல்வேள்?" என்கிறாள் மனைவி ரமா.

மிஷினின் முனை பாளத்தை நோக்கி இறங்குகிறது. கஸ்தூரிரங்கன் குறுக்கே கையை நீட்டுகிறார்.

"நிறுத்துப்பா! இது சரித்திரம். சரித்திரத்துல ஓட்டை போடப்படாது!"

சரித்திரம் அவசரமாக அவருடைய ஜோல்னாப் பைக்குள் போய்ப் பதுங்குகிறது. ரமா ஒயர் கூடையிலிருந்து, பிறந்த வீட்டில் கொடுத்த வெள்ளிக் குடத்தை எடுத்துக் கண்ணாடிமேல் வைக்கிறாள். காலையில் வீட்டைப் பூட்டும்போதே அதைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் கிளம்பியிருக்கிறாள்.