ஆற்றங்கரைக் கட்டம்

வீடியோ கேம்களுக்கு இசையமைக்கும் கிருபாகரனின் இசையைப் பற்றி ஒன்பது வருடத்தில் ஒருவரும் வாய் திறந்ததில்லை. இன்று தயாரிப்பாளர் எஸ்தரே புகாரோடு நேரில் வந்துவிட்டாள்.

“ஆத்தங்கரை வந்ததும் விளையாடறவங்க எல்லாரும் அப்படியே நின்னுடறாங்க சார். சண்டைக்கே போகமாட்டேங்கறாங்க. அந்தப் புல்லாங்குழல எடுத்துடுங்க.”

“நல்லாருக்குன்னுதானே நிக்கறாங்க?”

“இவ்ளோ நல்லா வேணாம். சுமாரா இருந்தா போதும். இருங்க, காட்டறேன்.” தன் கைப்பேசியில் அந்தக் கட்டத்தைத் திறந்தாள்.

“ஒன்பது வருஷமா கேக்க நாதியில்ல. இப்ப கேக்கறாங்கன்னா கெடுக்கச் சொல்றீங்க,” என்று முனகியபடி கிருபாகரன் கணினியில் குழலைத் தேடிப் பிடித்தான். “எடுத்துடட்டுமா?”

அவள் கைப்பேசியிலிருந்து குழலோசை மட்டும் வந்தது. எரிச்சலோடு திரும்பினான். எஸ்தரின் வீரன் வாளைத் தாழ்த்தியபடி ஆற்றங்கரையில் நின்றிருந்தான். அவள் கட்டைவிரல் திரையைத் தொடாமல் அப்படியே இருந்தது.