எட்டு விளக்குப் பீப்பாய்

“அந்த விளக்கெல்லாம் எதுக்கு பாபா, எங்க வீட்டைப் பார்த்து முழிக்குது?”

ஏணி மேல் நின்றிருந்த சென்சோ திரும்பினார். வேலிக்கு இந்தப் பக்கம் மாதூபே, இடுப்பில் கீரைக் கூடையோடு நின்றிருந்தாள்.

“தண்ணி அளவும்மா. பீப்பாய் நிறைஞ்சிருந்தா எட்டும் எரியும். குறையக் குறைய மேலேருந்து ஒவ்வொண்ணா அணையும்.”

புலவாயோ நகரின் அந்தப் பகுதிக்குக் குழாய்த் தண்ணீர் திங்கட்கிழமை மட்டும்தான். வீட்டுக்கு வீடு பீப்பாய் உண்டு. அதற்கு விளக்கு வைத்தவர் அவர் ஒருவர்தான்.

“மூடியைத் திறந்து பார்த்தா தெரியாதா?”

கேட்டிருக்கக் கூடாது. கிழவர் இறங்கி வந்து ஒரு சின்ன மின்சுற்று அட்டையை வேலி மேல் நீட்டினார். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். மனைவி போய்விட்டாள், பிள்ளைகள் இருவரும் ஜோஹன்னஸ்பர்க்கில். ஓர் ஆள் அகப்பட்டால் விடமாட்டார்.

“பீப்பாய்க்குள்ள எட்டு உயரத்துல எட்டு கம்பி. தண்ணி பட்ட கம்பி சேதி சொல்லும். நடுவுல ஒண்ணு துருப்பிடிச்சு ஊமையாயிட்டா? அந்த விளக்கு மட்டும் அணைஞ்சு பொய் சொல்லும். அதுக்குத்தான் இந்த ரெண்டு சிப்பு. ‘என் கம்பி நனைஞ்சிருக்கா, இல்லே எனக்கு மேல உள்ள விளக்கு எரியுதா? ரெண்டுல ஒண்ணு இருந்தாலும் நான் எரிவேன்’. இதுதான் கணக்கு. சிப்புக்கு நாலு வாசல், ஒரு வாசல் ஒரு விளக்குக்கு இந்தக் கணக்கைப் போடும். உச்சி விளக்குக்கு மேல விளக்கு இல்ல, அதனால எனக்கு வேண்டியது ஏழு. ஒண்ணு மிச்சம்.”

“மிச்சத்தை என்ன பண்ணுவீங்க?”

“சும்மா விட்டா அது பாட்டுக்கு உளறும். வாயைக் கட்டி வெச்சிருக்கேன்.”

“உங்க வாயையும் யாராவது கட்டினா தேவலை!”

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவர் மெல்லக் கேட்டார்.

“உன் அடுப்படி ஜன்னல்லேருந்து எட்டும் தெரியுதா?”

“தெரியுதே.”

“பகல்லேயும்?”

“ம்... ஏன், உங்க பக்கத்துலேருந்து தெரியலையா?”

“தெரியாது. உன் பக்கம் பார்த்துதானே மாட்டியிருக்கேன்.”

மாதூபேயின் முகம் மாறியது.

“ஓஹோ! நான் வேலி தாண்டி வந்து உங்க தண்ணியை மொள்றேன்னு நினைப்பா? அளவு வெச்சிருக்கேன், ஜாக்கிரதைன்னு எனக்குக் காட்டுறீங்களா?”

“ஐயோ, அப்படி இல்லம்மா...” ஏதோ சொல்ல வந்தவர் விழுங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் முகம் கொடுக்கவில்லை. ஆனால் அடுப்பில் களி கிண்டும்போதெல்லாம் கண் மட்டும் ஜன்னலுக்குப் போனது. செவ்வாய்க்கிழமை ஏழு. புதன் ஆறு. வியாழன் சாயங்காலம் ஐந்து. அன்று அவர் சட்டை துவைத்துக் காயப்போட்டிருந்தார். பதினோரு வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும் அவர் எப்போது குளிக்கிறார், எப்போது துவைக்கிறார் என்று அவள் கவனித்ததே இல்லை.

வெள்ளிக்கிழமையும் ஐந்து. சனிக்கிழமை மத்தியானமும் அதே ஐந்து.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரே ஆழ்துளைக் குழாயடியில் வரிசையில் நின்று தலையில் சுமக்கிறது; இவர் சொட்டுக்கூடத் தொடாமல் அழகு பார்க்கிறாரா? அடுப்பை அணைத்துவிட்டு நேரே போய் அவர் கதவைப் படபடவென்று தட்டினாள்.

“பாபா! கதவைத் திறங்க!”

கதவு திறந்தது. கசங்கிய சட்டை, முள்ளு முள்ளாகத் தாடி, வெடித்த உதடு. சென்சோ முதலில் பார்த்தது அவளை அல்ல, சுவர்க் கடிகாரத்தை.

“என்ன கஞ்சத்தனம் இது? முந்தாநாள்லேருந்து அஞ்சுலேயே நிக்குது! குளிக்கல, சமைக்கல. யாருக்குச் சேர்த்து வைக்கிறீங்க?”

அவர் மேசைக்குப் போய், ஒரு தாளில் நேரத்தைக் குறித்தார். நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது; வாயெல்லாம் சிரிப்பு.

“ரொம்ப நல்லா வேலை செய்யுது, மாதூபே.”

“எது, அந்த விளக்கா?”

“நீதாம்மா. கோடி வீட்டு மபேனா செத்துக் கிடந்ததை ஒன்பது நாள் கழிச்சுத்தானே பார்த்தாங்க? எனக்குன்னா எத்தனை நாள்ல ஆள் வரும்னு பார்க்கத்தான் பீப்பாயைத் தொடாம இருந்தேன். முழுசா ரெண்டு நாள்கூட ஆகல, நீ வந்துட்டே!”