சூரனுக்கு ஒரு செக் ஷீட்

"ஏல கோமதி, நாயை ஊருக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு எதுக்குல செக் ஷீட்டு?" என்று கேட்டான் என் ஊர்க்காரன் இசக்கி. அவனுடைய காரின் பின்சீட்டில் நான் ஈரத் துண்டை விரித்துக்கொண்டிருந்தேன். மொத்தம் பதினேழு கட்டம். பதினாறில் டிக் போட்டாகிவிட்டது.

ஒரகடத்தில் கார் சீட் செய்கிற கம்பெனியில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் இலை நேராகப் போட்டிருக்கிறதா என்று குனிந்து பார்க்கிற ரகம். முப்பத்தாறு வயதாகியும் எனக்குப் பெண் அமையாததற்கு அதுதான் காரணம் என்று இசக்கி சொல்வான். பெண் பார்க்கப் போன வீட்டில் நான் பெண்ணை விட்டுவிட்டு சோபாவின் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேனாம். தையல் கோணல்தான்.

மே மாதம் மெஷின் பராமரிப்புக்காகக் கம்பெனி ஒன்பது நாள் ஷட்டவுன். சேரப்பணஞ்சேரியில் இருக்கும் என் ஒற்றை அறையைப் பூட்டிவிட்டுத் திருநெல்வேலிக்குக் கிளம்பினால், அக்னி நட்சத்திர வெயிலில் சூரனுக்குத் தண்ணீர் வைக்க ஆள் ஏது?

எட்டு மாதமாக, ஓவர்டைம் முடிந்து ஆறரை மணிக்கு நான் வந்து சேரும்போது எனக்காக வாசலில் காத்திருக்கும் ஒரே உயிர் அவன்தான். அவனை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

சூரன் நாட்டு நாய். ஆனால் ஒழுக்கத்தில் எங்கள் லைன் ஆட்கள் அவனிடம் பாடம் படிக்க வேண்டும். நான் வைக்கிற பால்சோற்றைத் தின்பான், காலடியில் படுப்பான், ஒன்பது மணிக்கு டாணென்று எழுந்து தெருக்கோடிப் பக்கம் போய்விடுவான். நைட் ஷிப்ட் காவலுக்குப் போகிறான் என்று நானே முடிவு செய்து, கம்பெனி முழுக்கப் பெருமையடித்திருந்தேன்.

பயணத்துக்கு முன்னால் அவனைப் படப்பையில் கால்நடை டாக்டரிடம் காட்டினேன். அவர் சூரனின் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா கொழுகொழுன்னு இருக்கானே, என்ன சார் போடறீங்க?" என்று கேட்டார்.

"ஒரு வேளை பால்சோறுதான் டாக்டர். எல்லாம் கன்ட்ரோலா வச்சிருக்கேன்" என்றேன், ரொம்ப அடக்கமாக.

டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஊசி போட்டார். கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு கூடாது, வெயில் தாழ்ந்த பிறகே வண்டி எடுக்க வேண்டும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கித் தண்ணீர் காட்ட வேண்டும், காருக்குள் தனியாக விட்டுவிட்டு டீ குடிக்கப் போகவே கூடாது என்றார். அத்தனையும் செக் ஷீட்டில் ஏறியது.

சூரனைச் சீட்டோடு சேர்த்துக் கட்ட வாங்கிய பெல்ட்டை அப்படியே நம்பிவிட முடியுமா? இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டைக்கு அதை மாட்டிப் பின்சீட்டில் உட்காரவைத்து, சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டில் இசக்கியைச் சடாரென்று பிரேக் அடிக்கச் சொன்னேன். மூட்டை அசையவில்லை. முன்சீட்டில் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் நெற்றியில் புடைத்துக்கொண்டது.

கிளம்புகிற நாள். ஆறு மணிக்கு மேல் சூரன் வழக்கம்போல வாசலுக்கு வந்தான். ஏற்றினேன், பெல்ட்டை மாட்டினேன், பதினேழாவது கட்டத்திலும் டிக் போட்டேன். இசக்கி வண்டியைக் கிளப்பும்போது ஒரு பெண் குறுக்கே ஓடிவந்தாள்.

தெருக்கோடிப் பச்சை கேட் வீட்டு உமாதேவி. தண்ணீர் லாரி வருகிற அன்று பார்த்துச் சிரிப்பதோடு சரி, அதிகம் பேசியதில்லை.

"அண்ணா, அண்ணா! டாமியை எங்க இட்டுக்கினு போறீங்க?"

டாமி என்றதும் சூரன் இரண்டு காதையும் தூக்கினான். நான் எட்டு மாதம் சூரன் என்று கூப்பிட்டு ஒருநாள்கூட அப்படித் தூக்கியதில்லை.

"இவன் பேரு சூரன்மா. ஒம்பது நாளு நான் ஊர்ல இருக்க மாட்டேன். இந்த வெயிலுக்கு நாக்கு வறண்டு செத்துப் போவான். வாயில்லா ஜீவனை இப்படித் தெருவில விட்டுட்டுப் போறது பாவம்னு யாருக்காவது தோணுதா?" என்று ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். "இது எங்க வூட்டு நாய்ணா. குட்டியா இருக்கச்சொல்லவே எடுத்தாந்துட்டோம். காலைல முட்டை, மத்தியானம் சோறு, ராத்திரி படுக்கிறது, எல்லாம் எங்க வூட்லதான்."

இசக்கி அவசரமாக இறங்கிப் போய் டயரைப் பார்க்க ஆரம்பித்தான். அவன் தோள் குலுங்கியது. எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் இத்தனை வருஷ இன்ஸ்பெக்டர், லேசில் தோல்வியை ஒப்புக்கொள்வேனா?

"சரிம்மா, ஒங்க நாய்னே வச்சுக்குவோம். அப்ப தெனமும் சாயங்காலம் எதுக்கு என் வாசல்ல வந்து நிக்கான்? எம்மேல பிரியம் இல்லாமலா?"

உமாதேவி டயர்ப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். இசக்கி காதில் விழக் கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீங்க ஒண்டியா கீறீங்களேன்னு, நாங்கதாண்ணா தெனம் கேட்டைத் தொறந்து அனுப்பி வுடறோம்."